சாவி

பூட்டாதே என்றுதான் சொல்லியிருந்தார் குரு ஹொர்மிஸ்.
இன்றிரவு யார் வந்தாலும் வரட்டும்,
கோயில் கதவு திறந்தே கிடக்கட்டும்.
சரி என்றேன்.
சரி என்ற வாய் மூடுமுன்பே
கை பூட்டிவிட்டது.

ஆண்டவரே, உமக்குத் தெரியாததில்லை.
வெள்ளித் தூபக்கால் ஒன்று, விளக்குகள் நான்கு,
ஆட்டுத்தோல் சுற்றிய வாசகச் சுவடி.
அவற்றைக் காக்கத்தான் பூட்டினேன் என்று
எர்பில் போகும் சாலையில்
பிக்கப் வண்டியின் பின்னால் குந்தியபடி
எத்தனை முறை சொல்லிக்கொண்டேன்!
பொய்.
பயந்தவன் கை எதையாவது பூட்டும்,
அவ்வளவுதான்.

மூன்று வருடம் அது என் இடுப்பில் கிடந்தது,
ஒரு சாண் இரும்பு.
கூடாரத்தில் புரண்டு படுத்தால் விலாவில் குத்தும்.
ஒருமுறை முகாமின் குப்பைமேட்டில் எறிந்தேன்.
அன்றிரவே கைவிளக்கோடு போய்க் கிளறினேன்,
வேறு யாராவது கண்டெடுத்து
எதைத் திறந்துவிடுவார்களோ என்று.

திரும்பி வந்தது நோன்பின் மூன்றாம் நாள்.
ஆற்றோரம் புதைந்து கிடக்கும் பழைய நினிவே
ஒருகாலத்தில் சாம்பலில் உட்கார்ந்து அழுததே,
மாடுகளுக்கும் கோணி உடுத்தியதே,
அதை நினைத்து வருஷந்தோறும் நாங்கள்
வயிற்றைக் காயப்போடும் நாட்கள்.
மழை தூறிக்கொண்டிருந்தது.
வழியெல்லாம் ஒத்திகை பார்த்தபடி வந்தேன்:
திறப்பேன், வாசலிலேயே மண்டியிடுவேன்,
முழங்காலால் நடந்து உம்மிடம் வருவேன்,
இன்ன வார்த்தை, இன்ன அழுகை.

கதவு இல்லை.

கரியேறிய நிலை இருந்தது. கீல் ஒன்று தொங்கியது.
பழக்க தோஷம், சாவியை எடுத்தேன்.
பூட்டு இருந்த உயரத்தில்
காற்றுக்குள் நுழைத்து ஒரு திருகு திருகினேன்.
சிரிப்பு வந்துவிட்டது.
மன்னியும் என்றேன்.
இத்தனை வருடத்தில் உம்மிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு
அந்தச் சிரிப்புக்காக.

உள்ளே, பீடம் இருந்த இடத்தில் வைக்கோல்.
ஒரு செம்மறி ஈன்றிருந்தது.
ஈரம் காயாத குட்டி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது.
பக்கத்தில் ஷ்மூனி.
அன்றிரவு கைக்குழந்தையோடு இந்தக் கதவைத் தட்டியவர்களில்
அவளும் உண்டென்று முகாமில் கேட்டிருந்தேன்.
அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்க
எனக்கு நெஞ்சுரம் இருந்ததில்லை.
அது இப்போது ஆட்டின் காதைப் பிடித்து
இழுத்துக்கொண்டிருந்தது.

"அன்றைக்கு..." என்றேன்.
"தட்டினேன்" என்றாள். "வெகுநேரம் தட்டினேன்."
மழையின் சத்தம் கொஞ்ச நேரம்.
பிறகு, "ஆட்டுக்குத் தண்ணீர் வேண்டும்" என்றாள்.

இன்று நோன்பாயிற்றே,
ஆடு மாடும்கூடப் பட்டினி கிடக்கும் நாளாயிற்றே.
சட்டம் பேசியது யார் தெரியுமா ஆண்டவரே?
நான்.
"பெற்றவள் அது" என்றாள்,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.

முற்றத்துத் தொட்டியின் இரும்பு மூடி
துருப்பிடித்து இறுகியிருந்தது.
விரல் நுழையவில்லை. கல்லால் அடித்தேன், அசையவில்லை.
சாவியை இடுக்கில் கொடுத்து
உடம்பின் பாரம் முழுக்க வைத்து நெம்பினேன்.
மூடி பெயர்ந்தது.
சாவி வளைந்துபோயிற்று,
இனி எந்தப் பூட்டுக்கும் ஆகாது.

பெயின்ட் டப்பாவில் மொண்டுபோய் வைத்தேன்.
மன்னித்தீரா என்று நான் கேட்கவில்லை,
நீரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஆடு குடித்துக்கொண்டிருந்தது.
ஷ்மூனி கொஞ்சம் நகர்ந்து
வைக்கோலில் இடம் விட்டாள்.