வச்சிரம்

தண்ணீர் கொதிக்கக் கூடாது.
அறுபது டிகிரியில் சுட்டும் சுடாமலும் நிற்க வேண்டும்.
அலுமினியக் கிண்ணத்துக்குள் கண்ணாடிக் குப்பி,
குப்பிக்குள் இரவெல்லாம் ஊறி
நுங்கு மாதிரி ஆகிவிட்ட செதில்கள்.

மேல்விஷாரத்திலிருந்து நயாஸ் அகமது கொண்டுவருவார்,
பழைய ஊறுகாய் பாட்டிலில்.
"சுரண்டின சவ்வு இல்லக்கா, தோலோட ஓரம்.
வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க."
பார்ப்பேன்.
கருப்பட்டி நிறம் என்றால் எலும்பு;
அது நாற்காலிக்கு, மேசைக்கு,
வயலினில் ஒரு நாள் சட்டென்று உடையும்.
வெளிறிய தேன் என்றால் தோல்.

தச்சர்கள் இதை வச்சிரம் என்கிறார்கள்.
இந்திரன் கையிலிருப்பதும் வச்சிரம்,
வைரத்துக்கும் அதே பேர்,
ஓர் எழுத்து மாறினால் மீன் மார்க்கெட்டில்
கிலோ தொள்ளாயிரம்.
என் வச்சிரமோ
வெந்நீரில் நனைத்த கத்தி நுழைந்தால்
விட்டுக்கொடுத்துவிடும்.
அதற்காகத்தான் அதை வைத்திருக்கிறேன்.

மீன் நெட்டியும் உண்டு, கத்தாழை மீனுடையது.
காசிமேட்டிலிருந்து ஏலகிரி எக்ஸ்பிரஸில்
காட்பாடி வந்து இறங்குகிறது.
முடி போன்ற விரிசலுக்கு நல்லது, அவசரமில்லாமல் உறையும்.
மழைக்காலத்தில் மட்டும் நம்புவதில்லை.
வேலூருக்கு ஏது மழைக்காலம் என்பீர்கள்.
சரிதான்.

சித்திரையில் போளூரிலிருந்து வந்தார் தரணேந்திர நயினார்.
மகளுடைய வயலின்.
ஆஸ்பத்திரிக்கு எதிரே வெயிலில் நிறுத்திய காருக்குள்
மனைவியின் ஸ்கேன் முடியும்வரை கிடந்திருக்கிறது.
கீழ்ப்பக்க இணைப்பு வாய் பிளந்து
ஐந்து ரூபாய் நாணயம் நுழையும்.

"தோல் வேணாம்மா."
"மீன்?"
அவர் பார்த்த பார்வையில் நானே குப்பியை மூடினேன்.
"வேலம்பிசின்?"
"கவர் ஒட்டலாம் சார்."
"கடையில விக்குதே, வெள்ளப் பசை?"
போடலாம். பிடித்தால் விடாது.
அடுத்த வெயிலில் அது விடாமல் நிற்கும்,
பலகை கிழியும்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
கத்தியை நனைத்து
பழைய இணைப்பில் இன்னும் ஒரு விரற்கடை தளர்த்தினேன்.
ஆவியோடு எழுந்தது
ராணிப்பேட்டை தாண்டும்போது
பஸ்ஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்துவார்களே,
அதன் மிக மெலிந்த வாசனை.

அவருக்கும் தெரிந்தது.
"எத்தன வருஷமா உள்ள இருக்கு?"
"செஞ்ச நாள்லேர்ந்து. அறுபது இருக்கும்."

ஒன்பது வருடமாக அவர் மகள்
இதைத் தாடைக்குக் கீழே வைத்து வாசிக்கிறாள்.
கணக்குப் போடுகிறார் என்று மட்டும் புரிந்தது,
எதைக் கூட்டினார் எதைக் கழித்தார் தெரியாது.
கீழே ஜெராக்ஸ் கடையில் கரண்ட் போய்
மிஷின் பாதித் தாளில் நின்றது.

"அதுவே போதாதா?"
"எது சார்?"
"உள்ள இருக்கறது. போன உயிர் போனதுதான்.
புதுசா ஒண்ணு வேணாம்.
நனைச்சா திரும்ப ஒட்டுமா?"

இருபது வருடத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை.
ஒட்டும்.
பாதிப் பலம்தான், அடுத்த சித்திரையில் திறந்தாலும் திறக்கும்.
அப்படியே சொன்னேன்.
"தொறந்தா எடுத்துட்டு வரேன்."

அணில்வால் தூரிகையில் வெந்நீர் தொட்டு
இடுக்குக்குள் விட்டேன். காத்திருந்தேன்.
மறுபடி விட்டேன்.
மூன்றாவது தடவையில் உதட்டோரம் போல
ஒரு பளபளப்பு ஊறி வந்தது.
நூற்கண்டுக் கட்டைகளை வரிசையாகத் திருகி இறுக்கினேன்.
கசிந்த ஒரு சொட்டைத் துடைக்கப் போனவளை
அவர் தடுத்தார், அதுவும் உள்ளே போகட்டும் என்று.
போகாது. இருந்தாலும் விரலால் தள்ளினேன்.

பில்லில் பசை என்ற இடத்தில்
வெந்நீர் என்று எழுதிக் கோடு போட்டேன்.

ஊறிய செதில்கள் அப்படியே மிச்சம்.
இந்த வெயிலில் நாளன்றைக்கு நாறிவிடும்.
சத்துவாச்சாரிப் பள்ளிக்கூடத்துச் செல்லோ ஒன்று
கழுத்து ஆடியபடி மூலையில் சாய்ந்திருந்தது.
எடுத்து மடியில் போட்டுக்கொண்டு
அடுப்பை மறுபடி பற்றவைத்தேன்.