தூரம்

அம்மா அதைத் தூரம் என்பாள்.
"அவ தூரம், சாமி பக்கம் வரமாட்டா."
சாமி இருந்தது மூவறை வீட்டில்
குளிர்பெட்டிக்கு மேலே ஒரு பலகையில்.
அதற்கும் எனக்கும் நடுவே
நான்கு தரைஓடு.

இப்போது தூரம்தான் என் சம்பளம்.
தெம்பனிசிலிருந்து தோ பாயோ,
திரும்பவும் தெம்பனிஸ்.
ஒரு சுற்றுக்கு ஒரு நாப்கின் என்றிருந்தது
இரண்டாயிற்று.
பிறகு பாதி வழியில்,
யூனோஸ் விளக்கில் நிற்கும்போது
சூடாக ஒன்று கழன்று இறங்கும்,
ஈரல் துண்டு மாதிரி.
பச்சை விழுந்திருக்கும்.
பின்னாலிருந்து ஒருவன் ஹாரன் அடிப்பான்.

சீருடைக் காற்சட்டை கருநீலம்.
எவர் தேர்ந்தெடுத்தாரோ, நல்லா இருக்கட்டும்.
இருக்கைமேல் பேரங்காடிப் பை,
பைமேல் துண்டு, துண்டுமேல் நான்.
கழிவறைக்கு நேரமில்லாததால்
தண்ணீர் குடிப்பதையும் விட்டிருந்தேன்.

விடுப்புத் தாளில் வயிற்றுவலி என்று எழுதினேன்.
ஏழு மாதம், ஏழு வயிற்றுவலி.
"ராத்திரி ரொம்பக் காரமா, சிஸ்டர்?"
மேலாளர் ரோஸ்லி கேட்டார்.
ஆமாம் என்றேன்.

பலதுறை மருந்தகத்தில் ரத்தம் எடுத்தார்கள்.
ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு.
இளம் டாக்டர் என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து
"இதோடயா பஸ் ஓட்டினீங்க?" என்றாள்.
கோபமா, வியப்பா, தெரியவில்லை.
இரட்டை மாடி பஸ், என்றேன்.

கேகேக்கு அனுப்பினார்கள்.
கண்டாங் கெர்பாவ்.
மலாயில் எருமைக் கொட்டில்.
நான் பிறந்ததும் அங்கேதான், பழைய கட்டடத்தில்.
நாற்பத்தாறு வருடம் கழித்து
வயிற்றைக் காட்டத் திரும்பிப் போகிறேன்.
ஸ்கேனுக்கு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு
அடக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.
சிரிப்பு வந்தது.
அடக்குவதில் எனக்குப் பதினோரு வருட அனுபவம்.

திரையில் சாம்பல் மழை.
மழைக்குள் மூன்று உருண்டை.
நார்க்கட்டி. பெரியது ஒன்பது சென்டிமீட்டர்.
வண்டி நிறுத்த இடம் அளப்பதுபோல
அந்தப் பெண் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப்
புள்ளிக்கோடு இழுத்தாள்.

டாக்டர் சோங் கேட்டார்,
கருப்பைவாய்ப் பரிசோதனை கடைசியாக எப்போது?
செய்ததே இல்லை.
திருமணம்?
இல்லை.
என் கைப்பையை மடியில் வைத்திருந்த
தம்பி மனைவி மங்கையர்க்கரசி
"இவங்களுக்கு அது தேவைப்படாது, டாக்டர்" என்றாள்
எனக்காக.
டாக்டர் அவளைப் பார்க்கவில்லை.
உடலுறவு இருந்ததுண்டா?

மேசைமேல் பிளாஸ்டிக் கருப்பை ஒன்று,
இளஞ்சிவப்பில், பாதியாக அரிந்து,
கொம்பு வளைந்த எருமை முகம்போல.
அதையே பார்த்துக்கொண்டு
ஆமாம் என்றேன்.
ரோஸ்லியிடம் சொன்ன அதே சொல்தான்.
இது மட்டும் உண்மை.

மங்கை என் பையின் ஜிப்பைத் திறந்தாள்.
மூடினாள்.

அதற்கும் ஒரு வாய் உண்டென்று
வீட்டில் எவரும் சொன்னதில்லை.
சில்லென்று ஏதோ, ஒரு மெல்லிய தூரிகை,
"காலைத் தளர்த்துங்க அக்கா,"
பிரேக்கிலிருந்து எடுப்பதுபோல எடுத்தேன்.
ஒரு நிமிடம்கூட இல்லை.
இதற்கா இத்தனை வருடம்.

ரயிலில் மங்கை பேசவேயில்லை.
பாய லேபார் தாண்டியதும்
கதவுக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்,
"எனக்கும் மூணு வருசமா எரியுது அண்ணி.
யாருகிட்ட சொல்ல."
உனக்கு என்றைக்கு லீவு என்று கேட்டேன்.
வியாழன், என்றாள்.

அறுவை மார்ச் பதினொன்றில்.
கட்டிகளை மட்டும் எடுப்பதா, எல்லாவற்றையும் எடுப்பதா,
இன்னும் முடிவு செய்யவில்லை.
யோசிக்க நேரம் கொடுத்திருக்கிறார்கள்,
அதுவே புதுசு.
விடுப்புத் தாளில் காரணம் என்ற கட்டத்தில்
கருப்பை என்று ஆங்கிலத்தில் எழுதினேன்,
ஓர் எழுத்து பிழையோடு.
ரோஸ்லி இரண்டு முறை வாசித்தார்.
காரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.
மறுநாள் அட்டவணையில்
தோ பாயோ முனையில் எனக்கு நான்கு நிமிடம் கூடியிருந்தது.

கழிவறை முனையத்தின் அந்தக் கோடியில்.
ஓட வேண்டாம்.
நடந்தே போய் வரலாம்.