எப்படி விழித்தீர்கள்

இருபத்து மூன்று கிலோதான் அனுமதி.
குளியலறைத் தராசில் பெட்டியை நிறுத்துகிறேன்;
மண்டியிட்டால்தான் எண் தெரிகிறது.
இருபத்தேழு நானூறு.

பூடோவில் ஜனவரி.
பத்து மணிக்கு மேல் ஒரு சாம்பல் வெளிச்சம் வந்து
துறைமுகத்தை எட்டிப் பார்த்துவிட்டுப்
போய்விடுகிறது.

சோம்பாவுக்கு எழுதிக் கேட்டிருந்தேன், என்ன கொண்டு வர என்று.
பதினோரு மாதம். மயக்கவியல். எட்டு மாணவர்கள்.
லும்பானி ம்சிஸ்கா பதில் எழுதினார்:
"இயந்திரம் மட்டும் வேண்டாம்.
உங்கள் பக்கத்திலிருந்து முன்பே ஒன்று வந்தது.
அதன் பிளக்குக்கு உருண்டைக் கால், எங்கள் சுவரில் சதுரத் துளை.
பிளக்கை மாற்றினோம். பிறகு உள்ளே ஏதோ உணரி செத்தது;
அதை இப்போது யாரும் செய்வதில்லையாம்.
பதிவேடுகளை அதன்மேல் அடுக்குகிறோம்.
உறுதியான மேசை. நன்றி."

அந்த நன்றியை மூன்று முறை படித்தேன்.
கேலியா என்று இன்னும் பிடிபடவில்லை.

கேட்டதெல்லாம் கொஞ்சம்:
லாரிங்கோஸ்கோப் பல்பு, பொத்தான் பேட்டரி,
குழந்தை விரலுக்கான கவ்விகள்,
மார்பில் ஒட்டிவைக்கும் ஸ்டெதஸ்கோப் தலை, நீளக் குழாயோடு.
அடியில் ஒரு வரி:
"கரண்ட் போகும். போனதும் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.
பயந்துவிடாதீர்கள்.
கேட்டுக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்."

நான் இருபத்தாறு வருடமாகத் திரைக்கு வாழ்க்கைப்பட்டவள்.
பச்சைக் கோடு இதயம், நீலக் கோடு மூச்சு.
ஹாலோத்தேன் நான் படிக்க வருவதற்குள் இங்கிருந்து போய்விட்டது;
அங்கே அன்றாடம் அதுதான்.
"முதல் இரண்டு வாரம் என் பக்கத்தில் நில்லுங்கள்" என்கிறார் லும்பானி.
ஒப்பந்தத்தில் என் பெயருக்கு நேரே
பயிற்றுநர் என்று அடித்திருக்கிறார்கள்.

எனவே இரவுகளில்
தூர்ஸ்டைனின் மார்பில் அந்தத் தலையை ஒட்டுகிறேன்.
குழாயின் மறுமுனை என் இடது காதில்.
விளக்கை அணைத்துவிட்டுப் பழகுகிறேன்.
படகு எஞ்சின் பார்ப்பவன்;
உறக்கத்திலும் டீசல் போல ஓடுகிறவன்.

மூன்றாம் இரவில்தான் கேட்டது.
முதல் ஒலிக்கும் இரண்டாம் ஒலிக்கும் நடுவே
ஒரு சின்ன வழுக்கல்,
ஈரப் பலகையில் செருப்பு சறுக்குவது போல.
பத்தொன்பது வருடம் இதன் பக்கத்தில்தான் படுத்திருக்கிறேன்.

"உயிரோடு இருந்தேனா?" என்றான் காலையில்.
"பெரும்பாலும்" என்றேன்.
பிறகு சொன்னேன்.
ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை அவன் நிறுத்தவில்லை,
ஆனால் ஓரங்கள் வரை தடவினான்,
எப்போதும் அப்படிச் செய்யமாட்டான்.

வியாழன் எக்கோ.
வெள்ளி விமானம்.

இடையில் பெயர்களைச் சொல்லிப் பழகுகிறேன்:
அடுபேலே. தாவோங்கா. வெஸி.
ம்பாட்ஸோ, உதடு மூடியே தொடங்கவேண்டிய பெயர்.
காலை வணக்கத்துக்கு அங்கே
ம்வாட்ஸுகா ப்வாஞ்ஜி என்பார்கள்.
எப்படி விழித்தீர்கள் என்று பொருள்.
பாதையில் எதிர்ப்படுகிறவர்கூடக் கேட்பாராம்;
நன்றாக விழித்தேன், நீங்கள்? என்று திருப்பிக் கேட்கவேண்டுமாம்.

எத்தனை ஆயிரம் பேரை எழுப்பியிருப்பேன்!
பெயரென்ன, எங்கே இருக்கிறீர்கள், இன்று என்ன கிழமை
என்று போலீஸ்காரி மாதிரி விசாரித்ததன்றி
இதை ஒருவரிடமும் கேட்டதில்லை.

புதன் இரவு
பெட்டியிலிருந்த தடித்த பாடநூலை அவன் கையில் எடுத்தான்.
"இது அங்கே கிடைக்காதா?"
"கிடைக்கும்."
வெளியே வைத்தான். என் பனிக்காலணியையும்.
இருபத்து மூன்று நூறு. விடுவார்கள்.
பிறகு தானே சட்டையைத் தூக்கி
ஸ்டெதஸ்கோப் தலையை ஒட்டிக்கொண்டு படுத்தான்,
சற்றே தவறான இடத்தில்.
நான் திருத்தவில்லை. அங்கும் கேட்டது.

விடிகாலை என்று சொல்ல வெளிச்சம் ஏதுமில்லை.
அவன் கண் திறப்பதைப் பார்த்து
மெதுவாகக் கேட்டேன்:
ம்வாட்ஸுகா ப்வாஞ்ஜி?

"வியாழக்கிழமை" என்றான்.