உறைந்த போத்தல்கள்

இருபத்தெட்டு புள்ளி மூன்று.
காலை ஆறு மணிக்கே இந்த எண் என்றால்
பின்னேரம் மூன்றுக்கு என்னவென்று கேட்காதீர்கள்.

கிளைன்பாசலில், ஓட்டுக்கூரைக்கு நேர் கீழே
எங்கள் வீடு.
தை மாதக் குளிருக்கென்று கட்டிய சுவர்கள்
உள்ளே வந்த வெயிலை வெளியே விடுவதில்லை.
நானூறு லீட்டர் கடலை
இங்கே கொண்டுவந்து வைத்தவள் நான்தான்.
யாரையும் நோவதற்கில்லை.

கண்ணாடி மூடியைக் கழற்றினேன்.
இரண்டு விசிறிகளை நீர்ப்பரப்பை நோக்கிச் சாய்த்தேன்.
விளக்கை இரவுக்கு மாற்றினேன்:
என் பவளங்களுக்கு இப்போது
இரவு பத்து மணிக்கு விடிகிறது.
ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்,
உப்பு போகாது;
ஆகவே நாளுக்கு ஐந்து லீட்டர் வடிகட்டிய நன்னீர்.
கடல் குறையும்போது கடலை ஊற்றக் கூடாது என்பதை
முதல் வருடம்
ஓர் இறாலின் செலவில் கற்றேன்.

மிச்சத்துக்குப் பனிக்கட்டி.
ஒன்றரை லீட்டர் போத்தல்கள், லேபிள் உரித்து,
கழுத்துக்குச் சற்றுக் கீழேவரை நிரப்பி உறையவைத்தவை.
ஒரு நேரம் ஒன்று, அடித்தொட்டியில் மட்டும்.
அவசரமாய்க் குளிர்விப்பதும் கொலைதான்,
கொஞ்சம் மரியாதையான கொலை.

"அப்ப நண்டை எங்க வைக்கிறது?"
ஃப்ரீசர் கதவைப் பிடித்தபடி வாகீசன்.
அன்றிரவு நண்டுக்குழம்பு.
மறுநாள் ஆட்டிறைச்சி.
அதற்கடுத்த நாள்
எப்போது வாங்கியதென்றே தெரியாத முருங்கைக்காய்.

பிறகும் இடம் போதவில்லை.
கீழ்வீட்டு ப்ரோட்பெக்கிடம் போனேன்,
பத்து மணிக்குப் பின் விசிறிச் சத்தம் கேட்கிறதென்று
கடிதம் எழுதியவர்,
'பத்து' என்பதன் கீழ் கோடு போட்டவர்.
அவர் ஃப்ரீசரில் ஒரு ரொட்டி, ஒரு பட்டாணிப் பொதி.
"நான்கு போத்தல்," என்றார், விரல்களைக் காட்டி,
"ஐந்து இல்லை."

எட்டாம் எண் ட்ராம் ஓட்டுகிறேன்.
பாலத்தில் ஏறும்போது
ஊரே ரைனில் மிதக்கிறது,
உடுப்புகளை மீன் வடிவப் பைகளில் அடைத்து
அந்த மீன்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.
எல்லைக்கு அப்பால், கடைசி நிறுத்தத்தில்
ஆறு நிமிடம். கைபேசியில் பார்க்கிறேன்:
இருபத்தொன்பது புள்ளி ஒன்று.
சுத்தியல் பவளம் சுருங்கியிருக்கும்.
கோமாளி மீன்கள் இரண்டும்
தண்ணீர் விழும் மூலையில்
வாயை வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.
கதவுகள் மூடுகின்றன. மணி அடிக்கிறேன்.

ஐந்தாம் நாள் போத்தல் எடுக்கப் போனால்
கதவைத் திறந்தவர் தலையில் ஈரத் துவாய்.
கணுக்கால்கள் பாணில் ஊறியதுபோல் வீங்கி.
"மூன்றுதான் இருக்கிறது," என்றார்.
நான்காவது
நாற்காலிக்கு முன்னால் தரையில் கிடந்தது,
பாதம் வைத்த இடம் மட்டும் உருகி.
களவில் பிடிபட்டவர்போல் என்னைப் பார்த்தார்.

எத்தனை நாளாய் என்று நான் கேட்கவில்லை.
மேலே வந்து
விசிறிகளில் ஒன்றைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன்.
எண் ஏறியது.
ஏறட்டும் என்று சொல்லும் மனசு வரவில்லை;
கால் மணிக்கொருதரம் போய்ப் பார்த்தேன்.

சனி இரவு வோஜ் மலைப் பக்கமிருந்து இடி.
எல்லா ஜன்னல்களையும் திறந்தோம், தரை நனைந்தது.
திங்கள் விடியுமுன் இருட்டில் 'டக்' என்றது,
எழுந்துபோய்ப் பார்த்தால்
ஹீட்டரின் சிவப்பு விளக்கு,
ஐந்து வாரம் வேலையில்லாமல் கிடந்தது.
இருபத்தைந்து.
சுத்தியல் பவளத்தின் ஒரு பக்கம் வெள்ளை,
மறு பக்கம் விரியப் பார்க்கிறது.

கீழே, பத்து மணி எப்போதோ கடந்தும்,
என் விசிறியின் சத்தம்.
ஒரு கடிதம் எழுதலாமா என்று யோசித்தபடி
அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.