எது தூசி, எது அப்பா

கல்முனைக் கடையில் ஸ்கேன் பண்ணி
பென்டிரைவில் கொண்டுவந்தேன் அப்பாவை.
நூற்றைம்பது ரூபாய்.
அறுநூறு டி.பி.ஐ என்றான் பெடியன்.
விளங்கியவன்போல் தலையாட்டினேன்.

இரண்டாம் கை மடிக்கணினியில்
போட்டோஷொப்பை ஏற்றித் தந்துவிட்டு
மகள் கெம்பஸுக்குப் போய்விட்டாள்.
ஐம்பத்திரண்டு வயதுக் கைக்கு
மவுஸ் இன்னும் துள்ளுகிற மீன்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை பறந்த இரவு
அரிசிப் பானைக்குள் அம்மா திணித்த படம் இது.
பானைக்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது.
ஊறிய அரிசி ஒட்டிக் காய்ந்து
உரித்தபோது படத்தின் தோலோடு வந்தது.
காக்கிச் சட்டை முழுக்க
அரிசி அளவில் வெள்ளை ஓட்டைகள்.
பின்னால் டிப்போ பஸ்;
பலகையில் 'பொத்து' மட்டும் மிச்சம்.
'வில்' நானே எழுதலாம்.
எழுதவில்லை.

நல்ல இடத்தில் எடுத்துக்
கெட்ட இடத்தில் ஒட்டுவதுதான் வேலை.
முதல் கிழமை
சட்டையில் பொத்தான் எட்டாயிற்று.
பெரியகல்லாற்று வானத்தில்
ஒரே மேகம் மூன்று தரம் வந்தது.
பக்கத்தில் நின்ற கண்டக்டர் சாமித்தம்பியருக்கு
ஆறாவது விரல் முளைத்தது.
செத்த மனிசன், கோபிக்கமாட்டார்.

கன்ட்ரோல் இசட்.
செய்த பிழைக்குள்ளால்
பின்பக்கமாக நடந்து வெளியே வரலாம் என்பது
இந்த வயதில் எனக்குப் புதினம்.

பிறகு முகம்.
வாவிப் பக்கத்து நுளம்பெல்லாம் திரை வெளிச்சத்தில் மொய்க்க
இரவு இரண்டு மணிவரை
ஒவ்வொரு புள்ளியாக எடுத்தேன்.
கன்னம் வழுவழுத்தது, புதுச் சவர்க்காரம்போல.

விடிய, தோஹாவிலிருக்கும் தம்பிக்கு அனுப்பினேன்.
"ஆரு அண்ணன் இந்த வடிவான மனிசன்?"

அப்போதுதான் உறைத்தது.
பன்னிரண்டு வயதில்
அம்மாள் விளையாடிவிட்டுப் போன முகம் அது.
நான் துடைத்தது அரிசியையும் பூஞ்சணத்தையும் மட்டுமல்ல.

அசல் இருந்தது. திறந்தேன்.
நானூறு புள்ளி இருக்கும்.
எது தூசி, எது அப்பா?
அவர் முகத்தை ஒருநாளும் தொட்டதில்லை நான்.
வாய்க்கரிசி போட்டபோதும்
விரல் படவில்லை.

தொட்டவர் ஒருவர் இருந்தார்.
சந்திச் சலூன் கதிராமத்தம்பி,
கிழமைக்கு இரண்டு தரம், பதினேழு வருஷம்.
கணினியைக் கொண்டுபோய்
அவருடைய கண்ணாடிக்கு முன்னால் விரித்தேன்.
கதிரையில் ஒருவர் பாதி நுரையோடு இருந்தார்.

"இதுக்குள்ள நுரை நிக்கும்,
ரெண்டாந்தரமும் வழிக்கோணும். விடு.
இது இல்ல. இதுவும் இல்ல.
தாடையடியில இந்த ரெண்டு பள்ளமும் சேர்ந்து கிடக்கும்;
ஒருக்கா வெட்டிப்போட்டன்.
அண்டைக்கு உங்கப்பன் காசு தரல்ல."

ஒரு புள்ளியைப் பெருவிரலால் தேய்த்தார்.
போய்விட்டது.
"மனே, இது உன்ட பெட்டில கிடந்த தூசி."
முந்தின இரவு ஒரு மணித்தியாலம்
அதோடு நான் மல்லுக்கட்டியிருக்கிறேன்.
கதிரைக்காரர் சிரித்ததில் நுரை தெறித்தது.

இடது கண்ணுக்குக் கீழே ஒன்று.
கத்தியைப் பிடித்தபடி நெடுநேரம் பார்த்தார்.
"அது எனக்குத் தெரியா.
அந்தப் பக்கம் கத்தி போறல்ல."

அதை அப்படியே விட்டேன்.

'அப்பா கடைசி', 'அப்பா கடைசி 2',
'அப்பா உண்மையாக் கடைசி' என்று சேமித்து
கல்முனைக்குப் பிரின்ட் போடப் போனேன்.
அதே பெடியன்.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"முகத்தில புள்ளி கிடக்கே அங்கிள்,
ஒரு தட்டுத்தான், கிளீன் பண்ணிவிடவா?
காசு வேணாம்."

மவுசின் மேலிருந்த அவன் கையை
என் கையால் மூடிப் பிடித்தேன்.