முழுகிக் கிடப்பவள்

ஜெரால்டுக்குக் கல்கரியில் வேலை கிடைத்தது.
இரண்டு மாத வாடகைப் பாக்கியையும்
ஒரு கண்ணாடிப் பெட்டியையும் என் நிலவறையில் விட்டுப்போனான்.
"பெயர் புரூஸ். ஆண். ஆறு வயது. கடிக்கமாட்டான்."
நானும் நாலு மாதம்
அவன், அவன் என்றே எலி வைத்தேன்.

கிறிஸ்மஸ் கழிந்ததும் எலியை மறுத்தான்.
சுடுநீரில் இளக்கி, இடுக்கியால் வாலைப் பிடித்து
ஆட்டிக் காட்டினேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டான்.
அடுத்த கிழமையும். அதற்கடுத்த கிழமையும்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வின்னிபெக் முழுவதும் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு கிடக்க,
இவன் மட்டும் சூட்டு விளக்கை விட்டு விலகி
தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டிருந்தான்.

ஒரு செவ்வாய், இரவுப் பஸ் ஓட்டி முடித்து வந்து பார்த்தால்
நடு உடம்பு தேங்காய் விழுங்கினது போல.
மறுநாள் வற்றிவிட்டது.
பிறகு மல்லாந்து படுக்கத் தொடங்கினான்,
பாதி குப்புற, பாதி மல்லாக்க,
பிழிந்து போட்டு உதற மறந்த துணி.

மிருக வைத்தியர் போனிலேயே சொன்னா:
"அமுக்கிப் பார்க்கவேண்டாம்.
வாலுக்கு முந்தின பக்கம் தடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.
சட்டை கழன்றால், அன்றிலிருந்து
ஒரு முப்பது நாள் எண்ணுங்கள்."
பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு,
"புரூஸ் என்றா சொன்னீர்கள்?"

ஜெரால்டைக் கேட்டேன்.
அதே பெட்டியில் இன்னொன்றும் இருந்ததாம்.
கோடையில் விற்றுவிட்டானாம்.
இரண்டும் ஆண் என்றுதான் கடைக்காரன் சொன்னானாம்.
ஆறேழு மாதம் உள்ளுக்குள்ளேயே
பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள், கள்ளி.

முழுகாமல் இருக்கிறாள் என்று ஒரு சொல் சொன்னால்
எங்கள் ஆட்களுக்கு எல்லாம் விளங்கிவிடும்.
இவளோ நாள் முழுக்க முழுகியே கிடந்தவள்.
மாங்காய் கேட்கவில்லை. சத்தி எடுக்கவில்லை.
வளையல் போடலாம் என்றால் கையும் இல்லை.
பாம்பின் கால் பாம்பறியும், சரி.
வயிறு?

பெப்ரவரி நாலாம் தேதி சட்டை கழன்றது,
கிழியாமல், கண்மூடியோடு.
பழைய பஸ் அட்டவணையின் பின்பக்கம்
கோடு போட்டு வருகிறேன்.
இன்றைக்கு இருபத்திரண்டு.

எந்தப் பெண்ணிடமும் கேட்டுவிடாதே என்று
பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.
அதுவும் இந்தக் குளிரில்
ஆணும் பெண்ணும் குண்டும் ஒல்லியும்
கோட்டுக்குள் ஒரே பருமன்.
சார்ஜன்ட் அவென்யூ நிறுத்தத்தில் ஒருத்தி நிற்கிறாள்,
பனிக்குள் கால் ஊன்றி,
ஒரு கை ஜிப்பின் மேல்.
சாப்பாட்டுப் பொதியாக இருக்கலாம்.
குளிராக இருக்கலாம்.
கேட்கவில்லை.
பொத்தானை அமுக்குகிறேன்.

உஸ்ஸென்று மூச்சை விட்டு
அவள் பக்கமாக
மண்டியிடுகிறது பஸ்.

பின்னாலிருந்து யாரோ
நேரமாகிறது என்கிறார்.
ஆகட்டும்.