கயிறு

எழுமலை கால்நடை மருந்தகத்தில்
எட்டு வருடமாகக் கம்பவுண்டர் நான்.
உரிமையாளர் பெயர்: விருமாயி.
கணவர் அல்லது தந்தை பெயர் கேட்டால்
"சீக்கு மாட்டுக்குத்தானய்யா" என்பாள்.
அந்தக் கட்டம் எட்டு வருடமும் காலி.

டிவிஎஸ் ஃபிப்டியில் வருவாள்.
முன்னால் உரச்சாக்கில்
தலை மட்டும் தெரிகிற வெள்ளாடு.
ஒருமுறை, கீரி கடித்த சேவல்.
ஒருமுறை, பேரையூர் ரோட்டில் லாரி அடித்துப்போட்ட நாய்.
"யாரோடது?" என்றார் டாக்டர்.
"இப்ப என்னோடது."

கிடா விற்காதவள் இல்லை.
மாசிப் பச்சைக்கு விற்பாள்,
ஐம்பது ரூபாய்க்கும் மல்லுக்கட்டுவாள்,
எச்சில் தொட்டு இரண்டுதரம் எண்ணுவாள்.
கயிற்றை மட்டும் அவிழ்த்துக்கொண்டுதான் அனுப்புவாள்.
கொட்டத்து ஆணியில்
அப்படித் தொங்கிய கயிறுகளைப் பார்த்திருக்கிறேன்,
பிரசவம் பார்க்கப் போன ஒரு ராத்திரி.
கன்று வெளியே விழுந்ததும்
எனக்குக் கடுங்காப்பி, மாட்டுக்குக் கருப்பட்டி.
அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள்
கறக்காத மாடு கத்திய கத்தலில்தான்
ஊருக்கே தெரிந்தது.
தம்பிமார் திருப்பூரிலிருந்து வந்தார்கள்.
காரியம் முடிந்த மறுவாரமே
உசிலம்பட்டிச் சந்தையில்
எல்லாம் ஒரே விலைக்குப் போயிற்று,
கயிற்றோடு.

நாயை யாரும் கேட்கவில்லை.
மூன்று காலில் ஆறு கிலோமீட்டர் நடந்து வந்து
மருந்தக வாசலில் படுத்துக்கொண்டது.

நேற்று அதற்கு வெறிநோய் ஊசி.
உரிமையாளர் இடத்தில் என் பெயர்.
அடுத்த கட்டத்தில்
அப்பா பெயரை எழுதப்போய்
நிறுத்திக்கொண்டேன்.
நாய் காதைச் சொறிந்துகொண்டிருந்தது.